மீதியை வெள்ளித்திரையில் காண்க

போன ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. தென்காசியில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் போய்த்தான் எடுத்து வரவேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் சாய்ந்திருந்தேன். திருநெல்வேலியில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேத்தி, விடுமுறைக்கு வந்தவள், ஒரு நீள நோட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, ஒரு ஆள் டிரான்ஸ்பார்மரைத் தொட்டா எத்தனை செகண்டுல பவர் வரும்?"

முப்பத்தாறு வருடம் மின்சார வேலையில் இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"பவர் வராது, உசுருதான் போகும்" என்றேன்.

அவள் சிரித்தாள். "நெசத்துல இல்ல தாத்தா, எங்க படத்துல."

விஷயம் இதுதான். வகுப்பில் ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு சூப்பர் ஹீரோ படம் வரப்போவதாக வைத்துக்கொண்டு, அதற்கு அறுபது விநாடி டீசர் எடுக்க வேண்டும். படமே இல்லை, டீசர் மட்டும் உண்டு! பெண்ணே பார்க்காமல் கல்யாணப் பத்திரிகை அடிப்பது போல இருக்கிறதே என்றேன். ஆனால் அவள் விளக்கியபோது அதில் உள்ள சூட்சுமம் புரிந்தது.

டிரெய்லர் என்றால் இரண்டு நிமிடம், இரண்டரை நிமிடம் ஓடும். கதை ஓரளவு தெரிந்துவிடும். டீசர் அப்படியில்லை. கதையைச் சொல்லக் கூடாது, ஒரு கேள்வியை மட்டும் பார்ப்பவர் மனதில் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு அறிஞர் 1970-இல் எழுதிய புத்தகத்தில், ஒரு கதை நம்மை எப்படி இழுத்துக்கொண்டு போகிறது என்பதற்கு ஐந்து விதமான குறிகளைச் சொல்கிறாராம். அதில் ஒன்று புதிர். யார் இவன், ஏன் ஓடுகிறான், கதவுக்குப் பின்னால் என்ன என்று கேட்க வைப்பது.

"இதுக்கா பிரான்ஸ் வரைக்கும் போனீங்க?" என்றேன். நம் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் போட்டிருப்பார்கள். கதாநாயகி கடத்தப்படுவாள், கதாநாயகன் மேல் கொலைப்பழி விழும், "அவன் தப்பித்தானா? அவர்கள் ஒன்று சேர்ந்தார்களா?" என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிப்பார்கள். இதைச் சொன்னதும் பேத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். "எங்க மிஸ் கிட்ட சொல்றேன் தாத்தா, மார்க் போடுவாங்க" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பிறகு அந்த நோட்டைக் காட்டினாள். பக்கம் பக்கமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பென்சில் படம். அதற்குப் பெயர் ஸ்டோரிபோர்டு. பக்கத்தில் பத்தி பத்தியாக: ஷாட் எண், கேமரா எவ்வளவு தூரம், எந்தக் கோணம், எத்தனை விநாடி, என்ன ஒலி. கடைசிப் பத்திக்குத் தலைப்பு "ஏன்?". ஒவ்வொரு ஷாட்டுக்கும் காரணம் எழுதியே ஆக வேண்டுமாம். கேமராவைக் கீழேயிருந்து வைத்தால் ஆள் பெரியவனாகத் தெரிவான், மேலேயிருந்து வைத்தால் சிறுத்துப் போவான். அதனால் அழகாக இருக்கிறது என்று எழுதினால் மிஸ் அடித்துவிடுவாராம். எங்கள் வேலையிலும் இப்படி ஒரு பத்தி இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று பிறகு சொல்கிறேன்.

அவர்கள் கதை: கல்லூரிப் பையன் ஒருவன் மழையில் ஓடி வருகிறான், வழுக்கி டிரான்ஸ்பார்மர் மேல் விழுகிறான், நீல ஒளி வெட்டுகிறது, எழுந்து நிற்கிறான், உள்ளங்கையிலிருந்து மின்னல் கிளம்புகிறது. ஒரு பெண் அலறுகிறாள். இருட்டு. தலைப்பு. "விரைவில்."

"அலறுறது நான்தான். அறுபது செகண்டுல எனக்கு அது ஒண்ணுதான் வேலை" என்று அவளே குறைப்பட்டுக்கொண்டாள். ரஷ்யாவில் விளாதிமிர் புராப் என்பவர் நூறு நாடோடிக் கதைகளை ஆராய்ந்து, 1928-இல் ஒரு நூல் எழுதினாராம். எல்லாக் கதையிலும் ஏழு விதமான பாத்திரங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நாயகன், வில்லன், உதவி செய்பவன், சக்தியோ மந்திரப் பொருளோ கொடுப்பவன், மீட்கப்பட வேண்டிய இளவரசி, இப்படி. "நான் இளவரசி. டிரான்ஸ்பார்மர்தான் சக்தி கொடுக்கிறவர்" என்றாள்.

விபத்தில் சக்தி வருவது இந்த வகைப் படங்களின் மரபு என்றும் சொன்னாள். ஸ்பைடர்மேனைக் கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடித்தது. மலையாளத்தில் 2021-இல் வந்த மின்னல் முரளிக்கு மின்னல் தாக்கிச் சக்தி வந்தது. எனக்கு மட்டும் தெரியாதா? 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் புத்தகமாக இரும்புக்கை மாயாவி வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. ஆய்வுக்கூட விபத்தில் வலது கை போய், இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். இங்கிலாந்தில் 1962-இல் தொடங்கிய கதை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது அவன் எங்கள் ஊர்க்காரன் மாதிரிதான். பிளக்கில் விரலை வைக்கப் போன கூட்டாளி ஒருவனை அவன் அம்மா விளக்குமாற்றால் அடித்ததும் ஞாபகம் இருக்கிறது. 1997-இல் சக்திமான் தொடர் வந்தபோது பிள்ளைகள் அதைப் பார்த்து எதையாவது செய்துவிடக் கூடாதென்று அந்த நடிகரே திரையில் வந்து புத்தி சொன்னாரே, அது சும்மா இல்லை.

இவ்வளவு நேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவன், அவள் அடுத்துக் கேட்டதும் மாறிவிட்டேன்.

"தாத்தா, ஷாக் அடிச்சவன் கை எப்படி இருக்கும்? இப்படி உதறுவானா, இல்ல தூக்கி எறிஞ்சிருமா?"

"உதற முடியாது" என்றேன். "கை விடாது."

சொன்ன குரல் எனக்கே சரியாக இல்லை. உள்ளேயிருந்து ஆச்சி எட்டிப் பார்த்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

ராத்திரி பேத்தி விடவில்லை. முப்பத்தோரு வருடமாக வீட்டில் அரைகுறையாகவே தெரிந்த கதையை அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1994, இதே ஆடி மாதம். காற்றில் மரக்கிளை விழுந்து ஒரு தெருவில் கம்பி அறுந்துவிட்டது. தெருக்கடைசித் துண்டு தனியாக நின்றது. டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கியாயிற்று. அறுந்த இடத்தை இழுத்துக் கட்ட வேண்டும். என்னோடு வந்த ஹெல்ப்பருக்கு இருபத்தைந்து வயது. மேலே ஏறுவதற்கு முன் கம்பியை எர்த் செய்ய வேண்டும் என்பது முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம். எர்த் ராடு ஆபீஸில் கிடந்தது. போய் எடுத்து வர முக்கால் மணி நேரம் ஆகும். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் வளைகாப்பு. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஃபியூஸைத்தான் பிடுங்கியாச்சே, ஏறுடே" என்றேன்.

அவன் ஏறினான். கம்பியைப் பிடித்தான். அந்த நேரம் தெருக்கடைசிக் கடையில் ஒருவர் ஜெனரேட்டரைப் போட்டார். லைனையும் ஜெனரேட்டரையும் பிரிக்கிற சுவிட்ச் அங்கே கிடையாது. கடை ஒயரிங் வழியாக மின்சாரம் திரும்பிக் கம்பிக்கு ஏறிவிட்டது.

சினிமாவில் ஷாக் அடித்தால் ஆள் தூரப் போய் விழுவான். நம் வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. விரல்களை மடக்கும் தசையை இறுக்கிவிடும். விட வேண்டும் என்று மூளை நினைத்தாலும் கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பழைய நாற்பது வாட் குண்டு பல்பு எரியத் தேவைப்படும் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கே இதற்குப் போதும். நான் கடைக்கு ஓடி ஜெனரேட்டரை நிறுத்தித் திரும்பியபோது அவன் இடுப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். உயிர் இருந்தது. இடது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

எல்லாரும் ஜெனரேட்டர்காரரைத்தான் குற்றம் சொன்னார்கள். அது தப்பும் இல்லை. எர்த் போட்டிருந்தால் ஜெனரேட்டர் ஓடியிருந்தாலும் அவன் கை பிழைத்திருக்கும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. முதல் வருடம் அடிக்கடி போய்ப் பார்த்தேன். அவன் அம்மா காப்பி கொடுப்பார், ஒன்றும் பேசமாட்டார். அப்புறம் மாற்றல் வந்தது. போவது குறைந்து, நின்றே போனது. அவனுக்கு ஆபீஸில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள், கல்யாணம் ஆயிற்று என்பதெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டதுதான்.

பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க இப்ப எங்க இருக்காங்க தாத்தா?" என்றாள்.

பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எர்த் ராடு எடுத்து வர ஆகியிருக்கும் அதே முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்வாவும் பழமும் வாங்கிக்கொண்டு போனோம். தெருமுனையில் என் கால் நின்றுவிட்டது. பேத்தி பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"வாங்க அண்ணாச்சி" என்றான், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. தலை பாதி நரைத்திருந்தது. ஒற்றைக் கையாலேயே நாற்காலியைத் தூக்கிப் போட்டான். பேத்தி எதற்கு வந்திருக்கிறோம் என்று சொன்னாள். அவன் நோட்டை வாங்கி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தான். டிரான்ஸ்பார்மர் கட்டம் வந்ததும் சிரித்தான்.

"ஏம்மா, இது நடக்குமா?"

"நடக்காது மாமா. அதான் மாத்தணும்" என்றாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, "உங்களை மாதிரி ஒருத்தரை ஹீரோவா வச்சா என்ன?" என்று கேட்டுவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவன் கோபப்படவில்லை. "சினிமாவுல கை இல்லாதவன்னா ஒண்ணு வில்லன், கொக்கி மாட்டியிருப்பான். இல்லேன்னா கோயில் வாசல்ல உக்காந்திருப்பான். நீ எதுல சேக்கப் போற?" என்றான்.

இதைத்தான் வகுப்பில் ரெப்ரசென்டேஷன் என்று நடத்துகிறார்களாம். யாரை எப்படிக் காட்டுகிறோம், யாரைக் காட்டாமலே விடுகிறோம் என்பது. இரண்டு மாதம் பாடமாகப் படித்தது அந்த ஒரு கேள்வியில்தான் மண்டையில் ஏறியது என்று திரும்பி வரும்போது பேத்தி சொன்னாள்.

"ரெண்டுலயும் இல்ல. உங்களுக்கு ஒரு சக்தி கிடைக்கும்னா என்ன கேப்பீங்க?" என்றாள் அவனிடம்.

பறக்க வேண்டும், கை திரும்ப வேண்டும் என்று ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். அவன் ஜன்னல் வழியே தெருக்கம்பத்தைப் பார்த்தான்.

"கரண்ட் இருக்கிற கம்பியும் இல்லாத கம்பியும் பாக்க ஒண்ணாத்தாம்மா இருக்கும். தொடாமலே எதுல உசுரு இருக்குன்னு தெரியணும். அது போதும்."

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். "நான் அன்னைக்கு எர்த் போடச் சொல்லலைடே" என்றேன். முப்பத்தோரு வருடம் சுமந்தது, சொல்ல மூன்று விநாடிகூட ஆகவில்லை.

"தெரியும் அண்ணாச்சி" என்றான். "எனக்குந்தானே பாடம் நடத்தினாங்க? நானும் கேட்டிருக்கணும். வளைகாப்பு வீட்டுல சாப்பாடு போடுவாங்கன்னு அவசரமா ஏறிட்டேன்." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சம்சாரம் கொண்டு வந்த காப்பியைக் குடித்தேன்.

அந்த வாரமே குழு எங்கள் வீட்டுக்கு வந்து திட்டத்தை முதலிலிருந்து போட்டது. ஆச்சி இரண்டு நாள் சளைக்காமல் தோசை சுட்டாள். இப்போதுள்ள திட்டம் இதுதான்:

முதல் நான்கு விநாடி வெறும் இருட்டு, காற்றின் ஓசை மட்டும். பிறகு இருண்ட ஊர், தூரத்திலிருந்து. ஒரு வீட்டில் மெழுகுவர்த்தியில் படிக்கும் பிள்ளை, இன்னொரு வீட்டில் பனையோலை விசிறி வீசும் பாட்டி. யாருக்காக இந்த வேலை நடக்கிறது என்று வசனம் இல்லாமல் தெரிய வேண்டும். கம்பத்தில் சாய்த்த ஏணி. ஏறத் தயாராகும் ஒரு பெண், கையில் ரப்பர் கையுறை. அலறுவதற்கென்று இருந்த பேத்தி இப்போது ஏறும் பெண்ணாகிவிட்டாள். கீழே ஏணியைப் பிடித்திருக்கும் ஒரு கை. முகம் காட்டப்படாது.

அடுத்து இரண்டு கம்பிகள், மிக அருகில். இரண்டும் ஒரே மாதிரி. காற்றின் ஓசை சட்டென்று நின்றுவிடும். ஒரு கம்பியிலிருந்து மட்டும் மெல்லிய ரீங்காரம். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த 'ம்ம்' சத்தம் தெரியும். கதைக்குள் இருப்பவருக்கே கேட்கிற ஒலி ஒன்று, பார்ப்பவருக்காக வெளியிலிருந்து சேர்க்கிற இசை இன்னொன்று என்று இரண்டு வகை உண்டாம். இந்தச் சத்தம் எந்த வகை, ஹீரோவுக்கு மட்டும் கேட்கிறதா, நமக்கும் கேட்கிறதா என்பதில்தான் புதிரே இருக்கிறது. சோக இசை கிடையாது. அது என் பழைய ஹெல்ப்பர் போட்ட நிபந்தனை: "கையைக் காட்டுங்க, அழுகிற மியூசிக் மட்டும் போடாதீங்க."

பிறகு கேமரா கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே பார்க்கும். பொதுவாக ஹீரோவைக் கீழேயிருந்துதானே காட்டுவார்கள், இப்படி மேலேயிருந்து காட்டினால் சின்னவனாகத் தெரிவானே என்று ஒரு பையன் சண்டை பிடித்தான். பேத்தி "ஏன்?" பத்தியில் எழுதினாள்: "பார்ப்பவர் ஏறுகிறவரின் இடத்தில் இருக்க வேண்டும்." அந்த ஷாட்டில்தான் கீழே நிற்பவரின் மடித்துத் தைத்த இடது சட்டைக்கை அரை விநாடி தெரியும். டீசர் முழுவதற்கும் ஒரே வசனம். கீழே இருப்பவர் சொல்வது.

"ஏறாதே."

தூரத்தில் ஒரு கடையில் ஜெனரேட்டர் உறுமி விளக்கு எரியும். இருட்டு. தலைப்பு.

எல்லாரும் மேலே பறக்கிற ஹீரோவை எடுக்கும்போது, தரையில் நின்று 'ஏறாதே' என்று சொல்பவன் ஹீரோவா, இதை யார் பார்ப்பார்கள் என்று அந்தப் பையன் மறுபடியும் கேட்டான். நியாயமான கேள்விதான், பார்வையாளர் யார் என்று எழுதவும் ஒரு பக்கம் இருக்கிறது. பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயது என்று முதலில் எழுதியிருந்தார்கள். அதன் கீழே இப்போது இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது: "வேலைக்குப் போனவர் திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்திருக்கும் குடும்பங்கள்." அதை யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. ஆச்சியின் கையெழுத்து எனக்குத் தெரியும்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். படப்பிடிப்பில் என்னென்ன ஆபத்து வரலாம், அதற்கு என்ன முன்னேற்பாடு என்று எழுதித் தர வேண்டும். நிஜக் கம்பம் வேண்டாம், டிரான்ஸ்பார்மர் பக்கமே போகக் கூடாது, மைதானத்தில் சவுக்குக் கம்பு நட்டு நைலான் கயிற்றைக் கம்பியாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். நைலான் கயிறுதானே என்று யாராவது சொன்னாலும், ஏறுவதற்கு முன் எர்த் ராடு மாட்டுவது போல நடிக்க வேண்டும் என்பது இரண்டாவது வரி. மாட்டுகிற முறையை என் பழைய ஹெல்ப்பரே நேரில் வந்து சொல்லிக் கொடுக்கிறானாம். ஏணியைப் பிடிக்கும் அந்த ஹீரோவாக நிற்கவும் ஒப்புக்கொண்டுவிட்டான். முகம் தெரியாது என்பதில் அவனுக்கு ஒரு சின்ன வருத்தம்.

புரட்டாசியில் காற்று அடங்கிய பிறகு எடுக்கிறார்கள். காற்றின் ஓசையை மட்டும் எங்கள் மாடியில் வைத்து முன்கூட்டியே பதிவு செய்துவிட்டார்கள்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். வீட்டிலோ கடையிலோ ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், லைனையும் அதையும் பிரிக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறதா என்று நாளைக்கே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். கரண்ட் போனதும் பிளக்கில் வயரைச் செருகி ஜெனரேட்டர் ஓட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். தெருக்கோடியில், உங்கள் கண்ணில் படாத ஒரு கம்பத்தில், யாரோ வீட்டுப் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பான்.